மேசைமேல் உருவாகும் மோட்டார் வாகனம்

பொம்மைக் கடையில் விற்கும் கார் ஒன்றை வாங்கிக் குழந்தையின் கையில் தருகிறோம். சில நாள் ஓடுகிறது. பின்னர் ஒருநாள் நின்றுவிடுகிறது. ஏன் நின்றது என்பது குழந்தைக்கும் தெரிவதில்லை, தந்தைக்கும் தெரிவதில்லை, விற்ற கடைக்காரருக்கும் தெரிவதில்லை. பிரித்துப் பார்க்கலாம் என்றால், அது பிரிப்பதற்கென்று செய்யப்பட்ட பொருளும் அன்று. இரண்டு நாள் அழுகை; பிறகு பரண். பரண்மேல் இவ்வாறு ஓய்வுபெற்ற வாகனங்கள் இல்லாத இல்லங்கள் நம்மிடையே குறைவே.

வாசக அன்பர்களே, ஈண்டு நாம் எடுத்துரைக்க விழைவது வேறொரு வகைக் காரைப் பற்றி. அதுவும் சிறியதுதான், அதுவும் பாட்டரியால் ஓடுவதுதான், தொலைவில் நின்று வானொலி அலைகளால் இயக்கப்படுவதுதான். ஆயினும் அது காராகக் கடைக்கு வருவதில்லை. ஒரு பெட்டி நிறைய உறுப்புகளாக வருகிறது. அவற்றைக் கோத்துக் காராக்குவது வாங்கியவர் பொறுப்பு. ஜப்பானிலும் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகளாகத் தந்தையரும் மைந்தரும், ஓய்வுபெற்ற முதியோரும், பொறியியல் மாணவரும் இதனை ஒரு பொழுதுபோக்குக் கலையாகப் பயின்று வருகின்றனர்.

"வளர்ந்தவர்களுக்கு இது என்ன விளையாட்டு?" என்று வினவுவோர் உண்டு. அவ்வினா நியாயமானதே. பணமும் பொழுதும் செலவாகும் எதனைப் பற்றியும் குடும்பத்தார் அவ்வாறு வினவத்தான் வேண்டும். விடையை இறுதிக்கு ஒதுக்காமல் இப்போதே கூறிவிடுகிறோம். ஓட்டுவதற்கு மட்டும் என்றால் இது வீண்செலவு. கோப்பதற்கும் பழுது பார்ப்பதற்கும் என்றால், இது தரும் கல்விக்கு ஈடான வேறொரு விளையாட்டுப் பொருளைக் காண்பது அரிது. அதற்கான காரணங்களையே இனிக் காணப் போகிறோம்.

மரம் அறுத்த ஊர்

கம்பியின் துணையின்றித் தொலைவிலிருந்து ஒரு வாகனத்தை இயக்கலாம் என்பதை உலகுக்குக் காட்டியவர் நிக்கோலா டெஸ்லா. 1898-இல் நியூயார்க்கின் மாடிசன் ஸ்கொயர் கார்டனில் நடந்த மின்பொருட்காட்சியில், நீர்த்தொட்டியில் மிதந்த சிறு படகு ஒன்றைத் தம் கையிலிருந்த பெட்டியால் அவர் திருப்பிக் காட்டினார். அதே ஆண்டு நவம்பரில் அதற்குக் காப்புரிமையும் பெற்றார். அவருடைய எண்ணம் கடற்படையைப் பற்றியதாக இருந்தது. அது விளையாட்டுப் பொருளாக இல்லங்களுக்கு வர இன்னும் முக்கால் நூற்றாண்டு ஆக வேண்டியிருந்தது. டிரான்சிஸ்டர் வரவேண்டும், மீண்டும் மீண்டும் மின்னேற்றக்கூடிய நிக்கல் காட்மியம் பாட்டரி மலிவாக வேண்டும், முட்டை அளவே உள்ள வலிய மின்மோட்டார் வேண்டும். 1970-களில்தான் இம்மூன்றும் சராசரிக் குடும்பத்தின் கைக்கெட்டின.

அதற்குச் சற்று முன்னரே இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் எரிபொருளால் ஓடும் சிறு கார்கள் இருந்தன. மெத்தனாலும் நைட்ரோமீத்தேனும் கலந்த எரிபொருள் அவற்றுக்கு. அக்கலவையில் இயந்திரத்தின் உராய்வைத் தடுக்கச் சேர்ப்பது என்ன தெரியுமா? நம் பாட்டிமார் குழந்தைகளைத் துரத்திப் பிடித்துப் புகட்டிய அதே ஆமணக்கெண்ணெய்தான்! அவ்வகைக் கார்கள் இன்றும் உண்டு. ஆனால் புகை, இரைச்சல், எண்ணெய்ப் பிசுக்கு ஆகிய மூன்றும் கூடவே வருவதால், வீட்டுக்கூடத்தில் அவற்றுக்கு இடமில்லை. மின்காரைப் பற்றியே நாம் பேசுவோம்.

மின்காரைக் குடும்பங்களுக்குள் கொண்டு வந்த பெருமையில் பெரும்பங்கு ஜப்பானின் ஷிசுவோகா நகரைச் சாரும். டோக்கியோவுக்குத் தென்மேற்கே, ஃபூஜி மலை தெரியும் தொலைவில் உள்ளது அந்நகர். டோக்குகாவா மரபினர் ஆண்ட காலத்தில் அங்குள்ள செங்கென் ஆலயத்தைக் கட்டவும் புதுப்பிக்கவும் நாட்டின் பல பகுதிகளிலிருந்து தச்சரும் சிற்பியரும் அரக்குப் பூசுவோரும் வரவழைக்கப்பட்டனர். பணி முடிந்தபின் பலர் அங்கேயே குடியமர்ந்தனர். மரவேலை அவ்வூரின் கைவழக்கமாயிற்று.

அந்த ஊரில் 1946-இல், போரில் தோற்றுத் துவண்டிருந்த நாட்டில், யோஷியோ தாமியா என்பவர் ஒரு மர அறுவை ஆலையைத் தொடங்கினார். துண்டு மரங்களால் மாதிரிக் கப்பல்களும் செய்து விற்றார். 1951-இல் தீ விபத்தில் மரக்கிடங்கு எரிந்தது. பிழைக்க வழி தேடியவர் மர வணிகத்தைக் கைவிட்டு, 1953 முதல் மாதிரிப் பொருட்களையே தொழிலாகக் கொண்டார். அடுத்த அடி பிளாஸ்டிக் வடிவில் வந்தது. அமெரிக்காவிலிருந்து வந்த பிளாஸ்டிக் மாதிரிகள் மரத்தை வீழ்த்தவே, தாமியா நிறுவனமும் 1960-இல் யமாத்தோ போர்க்கப்பலைப் பிளாஸ்டிக்கில் செய்து வெளியிட்டது. போட்டியாளர் அதே கப்பலைக் குறைந்த விலைக்கு விற்றதால் அந்த முயற்சி நட்டத்தில் முடிந்தது. மகன் ஷுன்சாகு தாமியாவும் தந்தையும் சோர்ந்து போனாலும் விடவில்லை. 1960-களின் தொடக்கத்தில் மோட்டாரால் ஓடும் பாந்தர் டாங்கி ஒன்றைச் செய்தனர். உள்ளே பாட்டரிகளை வைக்க இடம் ஒதுக்கியபோது அமைந்த அளவுதான் 35-இல் ஒன்று என்பது. இன்று உலகெங்கும் படைக்கல மாதிரிகளுக்கு அதுவே வழக்கமான அளவாகிவிட்டது.

இவ்வரலாற்றில் நம்மை மிகவும் கவர்ந்த நிகழ்ச்சி 1970-களின் நடுவில் நடந்தது. போர்ஷே 934 என்னும் பந்தயக் காரின் மாதிரியை 12-இல் ஒன்று அளவில் செய்யத் திட்டமிட்டார் ஷுன்சாகு. படங்களையும் வரைபடங்களையும் பார்த்து அவர் நிறைவடையவில்லை. உண்மையான போர்ஷே 911 கார் ஒன்றையே விலைக்கு வாங்கி, அதனைத் துண்டு துண்டாகக் கழற்றி ஆராய்ந்தார். திரும்பப் பூட்டத் தம்மவரால் இயலாமற் போகவே, போர்ஷே தொழில்நுட்பர் வந்து பூட்டித் தரும்படி ஆயிற்று! அலமாரியில் வைக்கும் மாதிரிக்கு இத்தனைச் செலவா என்று எண்ணியோ என்னவோ, அதே உடலுக்குள் மோட்டாரும் வானொலிக் கருவியும் பொருத்தி 1976-ஆம் ஆண்டின் இறுதியில் இன்னொரு பெட்டியையும் விற்பனைக்கு விட்டனர். அதுவே அந்நிறுவனத்தின் முதல் வானொலிக் கட்டுப்பாட்டுக் கார். முதல் ஆண்டிலேயே ஒரு லட்சத்துக்கு மேல் விற்றது. ஷுன்சாகு தாமியா 2025 ஜூலையில், தம் 90-ஆம் வயதில் காலமானார்.

1979-இல் மணலிலும் மண்ணிலும் ஓடும் கார்கள் வந்தன. சாண்ட் ஸ்கார்ச்சர் என்னும் மாதிரி வோல்க்ஸ்வாகன் பீட்டிலைப் போன்றது. வெளித்தோற்றத்தில் மட்டுமன்று, முன்சக்கரங்களைத் தாங்கும் அமைப்பிலும் உண்மைக் காரையே அது பின்பற்றியது. தண்ணீர் புகாதிருக்க வானொலிக் கருவியை ஒளிபுகும் பெட்டிக்குள் மூடி வைத்திருந்தனர். 1984-இல் கிராஸ்ஹாப்பர் என்னும் எளிய கார் வந்தது, அதாவது வெட்டுக்கிளி. விலையும் குறைவு, உறுப்புகளும் குறைவு. பள்ளிப் பிள்ளைகள் தாமே கோத்து ஓட்டிய கார் அது. ஜப்பானிலும் ஐரோப்பாவிலும் இன்று ஐம்பது வயதை எட்டும் பொறியாளர் பலர் தங்கள் முதற்பாடத்தை அதனிடம் கற்றதாகக் கூறக் கேட்கலாம்.

கோத்தல்

பெட்டியைத் திறந்தால் கார் எதுவும் கண்ணிற்படாது. பிளாஸ்டிக் சட்டங்களில் இலைக்காம்பு போல ஒட்டிக்கொண்டிருக்கும் உறுப்புகள், ஒவ்வொன்றின் அருகிலும் ஓர் எண். சிறு பைகளில் திருகாணிகள், மரைகள், வளையங்கள், பற்சக்கரங்கள். படங்களால் ஆன கையேடு ஒன்று. ஒளிபுகும் பிளாஸ்டிக்கில் வார்த்த உடல். முதன்முறை பார்ப்பவருக்கு மலைப்பாகவே இருக்கும். கையேட்டின் முதற்படத்திலிருந்து தொடங்கி, அடுத்த படத்தை எட்டிப் பாராமல் சென்றால் போதும். அவசரப்படுவோர் பாதி வழியில் ஓர் உறுப்பு மிஞ்சியிருப்பதைக் கண்டு மீண்டும் அவிழ்ப்பர்.

முதலில் வருவது பெரும்பாலும் பற்சக்கரப் பெட்டி. அதற்குள் டிபரன்ஷியல் என்னும் அமைப்பு இருக்கிறது. இதனைப் பற்றிச் சற்று விரிவாகக் கூற நம் மனம் விழைகிறது; ஏனெனில் நாம் நாள்தோறும் ஏறிச் செல்லும் பேருந்திலும் இது உண்டு, நம்மில் பெரும்பாலோர் அதனைக் கண்டதேயில்லை. கார் ஒரு வளைவில் திரும்பும்போது உட்புறச் சக்கரம் சிறிய வட்டத்தையும் வெளிப்புறச் சக்கரம் பெரிய வட்டத்தையும் சுற்றுகின்றன. இரண்டையும் ஒரே இரும்புத்தண்டில் பிணைத்துவிட்டால் ஏதேனும் ஒன்று தரையில் தேய்ந்தே ஆக வேண்டும். ஒரே மோட்டாரின் ஆற்றலை இரண்டு சக்கரங்களுக்கும் தந்து, அதே வேளையில் அவை வெவ்வேறு வேகத்தில் சுழலவும் விடுவது எப்படி? கூம்பு வடிவப் பற்சக்கரங்கள் சிலவற்றைக் குறுக்கும் நெடுக்குமாகக் கோத்து இதனைச் செய்கின்றனர். கோத்து முடித்த பின் காரைத் தூக்கிப் பிடித்து, நடுச்சக்கரத்தை அசையாமல் நிறுத்தி, ஒரு பின்சக்கரத்தை முன்னோக்கிச் சுழற்றினால் மற்றது தானே பின்னோக்கிச் சுழலும். பன்னிரண்டு வயதுச் சிறுவன் ஒருவன் இதனைத் தன் கையால் செய்து பார்த்தபின் அவனுக்கு இயற்பியல் நூலின் படம் விளங்காமற் போகாது. இவ்விடத்தில் இன்னொன்றையும் சொல்லலாம். பற்களுக்குப் பதிலாகச் சிறு எஃகுக் குண்டுகளால் இயங்கும் டிபரன்ஷியல் ஒன்றை இச்சிறு கார்களுக்கென அமைத்தவர் சிசில் ஷூமாக்கர் என்னும் ஆங்கிலேயப் பொறியாளர். உண்மைப் பந்தயக் கார்களுக்கு இயந்திரம் செய்யும் காஸ்வொர்த் நிறுவனத்தில் பணியாற்றியவர் அவர். பெரிய காரைச் செய்தவர் சிறிய காருக்கு இறங்கி வந்தார் என்று எண்ண வேண்டாம். சிக்கல் இரண்டிலும் ஒன்றே.

மோட்டாரின் சிறிய பற்சக்கரமும் அதனால் சுழலும் பெரிய பற்சக்கரமும் எவ்வளவு நெருக்கமாக இருக்க வேண்டும்? மிக நெருங்கினால் இறுகி மோட்டார் சூடேறும். மிக விலகினால் பற்கள் வழுக்கி உடையும். பழகியவர்கள் ஒரு மெல்லிய தாள் நறுக்கை இரண்டுக்கும் இடையில் செருகி, நெருக்கிப் பிடித்துத் திருகாணியை முடுக்கிவிட்டுத் தாளை உருவிவிடுவர். தாளின் கனமே தேவையான இடைவெளி. தையற்காரர் நூலை நாவில் நனைப்பது போன்ற சின்னஞ்சிறு தொழில்நுணுக்கம் இது. ஒருவர் சொல்லிக் கொடுத்தாலன்றிக் கைக்கு வருவது அரிது.

பிளாஸ்டிக்கில் திருகாணி முடுக்குவதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. கழற்றிய திருகாணியை மீண்டும் இடும்போது முதலில் எதிர்ப்புறமாகச் சுழற்ற வேண்டும். மெல்லிய ஒரு சொடுக்கு விரலுக்குத் தெரியும். பழைய தடத்தின் வாயில் அது. அங்கிருந்து முடுக்கினால் தடம் கெடாது. நேரே முடுக்குபவர் புதுத்தடம் வெட்டுகிறார். மூன்றாம் முறை அத்துளை எதனையும் பற்றாது.

எண்ணெய் நிரம்பிய அதிர்வுதாங்கிகள் நான்கு. ஒரு விரலளவே உள்ள குழாய், அதற்குள் துளையிட்ட சிறு வட்டத்தகடு, வெளியே சுருள்வில். குழாயில் சிலிக்கோன் எண்ணெயை ஊற்றித் தகட்டை மெல்ல மேலும் கீழும் அசைத்தால் காற்றுக் குமிழிகள் எழும். அவை அனைத்தும் வெளியேறும்வரை நிமிர்த்தி வைத்துக் காத்திருக்க வேண்டும். வேறு வழியில்லை. குமிழி தங்கிய அதிர்வுதாங்கி மேட்டில் ஏறி இறங்கும்போது ஒரு கணம் வேலை செய்யாது. கார் துள்ளிக் கவிழும். பிள்ளைகள் பொறுமையிழப்பது இந்தக் கட்டத்தில்தான். "அப்பா, போதும், மூடிவிடலாம்" என்று மகன் சொல்லும்போது தந்தை என்ன செய்கிறார் என்பது கவனிக்கத்தக்கது. பலவேளைகளில் தந்தைதான் முதலில் மூடியைத் தேடுகிறார்!

உடலுக்கு வண்ணம் பூசுவது தனிக்கலை. ஒளிபுகும் பாலிகார்பனேட் பிளாஸ்டிக்கின் உட்புறத்தில் பூசுவார்கள். தரையில் உராய்ந்தாலும் வண்ணம் போகாது என்பது காரணம். ஆனால் உட்புறத்தில் பூசுவதால் வரிசை தலைகீழாகிறது. சுவரில் ஓவியம் தீட்டுபவர் பின்புலத்தை முதலில் பூசிக் கோடுகளைப் பின்னர் இடுவார். இங்கே மெல்லிய கோடுகளே முதலில், பின்புலம் கடைசியில். கருநிறத்தை முதலிலும் வெண்மையைப் பின்னரும் பூச வேண்டும். மாற்றிச் செய்தால் வெளிர்நிறத்தின் ஊடே கருமை தெரியும். எல்லாம் முடிந்த பின் வெளிப்புறத்தில் ஒட்டியிருக்கும் மெல்லிய காப்புத்தாளை உரிப்பார்கள். மங்கலாகக் கிடந்த உடல் அந்நேரம் பளிச்சிடுவதைக் காண வீட்டிலுள்ள அனைவரும் கூடிவிடுவது வழக்கம்.

வானில் ஓர் ஒழுங்கு

ஓட்டுபவர் கையிலுள்ள கருவி இரண்டே செய்திகளை அனுப்புகிறது: எப்பக்கம் திரும்புவது, எவ்வளவு வேகம். ஒவ்வொரு செய்தியும் ஒரு மின்துடிப்பு. துடிப்பின் நீளமே அதன் பொருள். ஒரு நொடியில் ஆயிரத்தில் ஒன்றரைப் பங்கு நீளமுள்ள துடிப்பு வந்தால் சக்கரம் நேராக நிற்கும். ஒரு பங்காகக் குறைந்தால் ஒரு பக்கம், இரண்டு பங்காக நீண்டால் மறுபக்கம். இத்துடிப்பு நொடிக்கு ஏறத்தாழ 50 முறை வந்துகொண்டேயிருக்கிறது. காரிலுள்ள சர்வோ என்னும் சிறு பெட்டி, வந்த கட்டளையையும் தன் இப்போதைய நிலையையும் ஒப்பிட்டு, வேறுபாடு தீரும்வரை தன்னைத் திருப்பிக்கொள்கிறது.

முற்காலத்தில் இதில் ஒரு தொல்லை இருந்தது. 27 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் பழுப்பு, சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள், பச்சை, நீலம் என ஆறு நிறங்களால் குறிக்கப்பட்ட ஆறு தடங்களே பெரிதும் பயன்பட்டன. ஒரே தடத்தில் இருவர் கருவியை முடுக்கிவிட்டால் ஒருவர் கட்டளை மற்றவர் காருக்கும் செல்லும். நெடுநேரம் உழைத்துக் கோத்த கார் சுவரில் மோதிச் சிதற ஒரு கணம் போதும். எனவே சங்கங்களில் ஒரு பலகை வைத்தனர். அதில் நிறத்துக்கு ஒன்றாகத் துணி உலர்த்தும் கவ்விகள். தன் நிறக் கவ்வியை எடுத்துக் கருவியின் ஏரியலில் மாட்டிய பின்னரே ஒருவர் கருவியை முடுக்கலாம். கவ்வி பலகையில் இல்லையென்றால் வேறொருவர் அத்தடத்தில் ஓட்டிக்கொண்டிருக்கிறார்; காத்திருக்க வேண்டும். காவலரும் இல்லை, அபராதமும் இல்லை. ஒரு மரக்கவ்வியை நம்பி அத்தனை பேரும் தங்கள் உழைப்பைத் திடலில் விட்டனர்.

இந்நூற்றாண்டின் முதற்பத்தாண்டுகளில் 2.4 கிகாஹெர்ட்ஸ் கருவிகள் பரவின. கருவியும் காரும் ஒன்றையொன்று அடையாளம் கண்டுகொள்வதால் குறுக்கீட்டுத் தொல்லை ஒழிந்தது. கவ்விப் பலகைக்கும் வேலை இல்லாமற் போயிற்று. நன்மைதான். ஆயினும் பழைய விதியொன்று இன்றும் மாறவில்லை. தொடங்கும்போது கைக்கருவியை முதலில் முடுக்கிப் பின்னர் காரை முடுக்க வேண்டும். முடிக்கும்போது காரை நிறுத்திய பின்னரே கைக்கருவியை நிறுத்த வேண்டும். ஆணையிடுவார் இல்லாத கார் எங்குச் செல்லும் என்று எவரும் சொல்ல இயலாது.

வலம் இடமாகும் வேளை

உண்மைக் காரை ஓட்டுபவர் காருக்குள் அமர்ந்திருக்கிறார். இதில் ஓட்டுபவர் திடலின் ஓரத்தில் நிற்கிறார். கார் அவரை விட்டு விலகிச் செல்லும்வரை தொல்லையில்லை. திரும்பி அவரை நோக்கி வரத் தொடங்கியதும் காரின் வலப்பக்கம் அவருக்கு இடப்பக்கமாகிவிடுகிறது. புதியவர் அனைவரும் இங்கேதான் மோதுகின்றனர். கைப்பழக்கத்தால் மட்டுமே இது நீங்கும். மனத்தளவில் தம்மைக் காருக்குள் அமர்த்திக்கொள்ளக் கற்றவர் தேறிவிடுகிறார். பிள்ளைகள் ஒரு மாலையில் கற்பதைப் பெரியவர்கள் கற்க ஒரு வாரம் ஆகிறது என்பது சற்றே நாணத்தக்க உண்மை.

இவ்வாறு தேறியோர் பந்தயத்தில் இறங்கினர். 10-இல் ஒன்று அளவுள்ள மண்தரைக் கார்களுக்கான முதல் உலகப் போட்டி 1985-இல் கலிபோர்னியாவின் டெல் மாரில் நடந்தது. இருசக்கர இயக்கப் பிரிவில் ஜே ஹால்சியும் நாற்சக்கர இயக்கப் பிரிவில் கில் லோசியும் வென்றனர். ஹால்சி ஓட்டியது அசோசியேட்டட் நிறுவனத்தின் ஆர்.சி.10, பொன்னிற அலுமினியத் தளம் கொண்ட அந்தக் கார் அதற்கு முந்திய ஆண்டில்தான் வெளிவந்திருந்தது. பின்னர் ஜப்பானியரான மசாமி ஹிரோசாக்கா 14 உலகப் பட்டங்களை வென்று ஒப்பாரின்றி விளங்கினார். இத்தகைய போட்டிகளில் ஓர் ஓட்டம் ஐந்து நிமிடமே. அந்த ஐந்து நிமிடத்துக்காக மேசையருகே செலவிடும் மணிநேரங்களோ பல. பந்தயத்தைப் பற்றி மேலும் எழுத நாம் விரும்பவில்லை. வெல்லும் ஆசையில் மாதந்தோறும் புதிய மோட்டாரும் புதிய டயரும் வாங்கிக் குவிப்போர் எல்லா நாட்டிலும் உள்ளனர். குடும்பத்தின் பொழுதுபோக்கு அங்கே குடும்பத்தின் கடனாக மாறக்கூடும்.

ஆயத்தக் காரும் அதன் வேகமும்

1980-களின் பிற்பகுதி தொடங்கி, தொழிற்சாலையிலேயே கோத்து முடித்த கார்கள் பெருகின. பெட்டியைத் திறந்து பாட்டரியை இட்டால் ஓடும். இன்று கடைகளில் பெரும்பகுதி இவையே. வேகமும் வளர்ந்தது. கரித்துண்டு இல்லாத மோட்டாரும் லித்தியம் பாலிமர் பாட்டரியும் வந்தபின், டிராக்சாஸ் என்னும் அமெரிக்க நிறுவனம் மணிக்கு 100 மைல், அதாவது 160 கிலோமீட்டர் வேகத்தைத் தொடும் ஆயத்தக் காரை 2011-இல் அறிவித்தது.

இவ்வளர்ச்சியை நாம் இருமனத்தோடுதான் நோக்குகிறோம். வேகம் என்பது என்ன என்று கணக்கிட்டுப் பார்ப்போம். ஒன்றரைக் கிலோ எடையுள்ள கார் மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு குழந்தையின் கணுக்காலில் மோதுகிறது எனக் கொள்வோம். அதே எடையுள்ள கல்லை ஆறு மீட்டர் உயரத்திலிருந்து, அதாவது இரண்டு மாடி உயரத்திலிருந்து போட்டால் என்ன விசையோ, அவ்விசை அதற்கு உண்டு. ஒவ்வோர் உறுப்பையும் தன் கையால் கோத்த சிறுவன் அக்காரின் எடையை அறிவான், அதன் தடுக்கும் ஆற்றலை அறிவான், எந்தத் திருகாணி தளர்ந்தால் எந்தச் சக்கரம் கழலும் என்பதையும் அறிவான். பெட்டியிலிருந்து எடுத்த மாத்திரத்தில் ஓட்டும் சிறுவனுக்கு விசை ஒன்றுதான் தெரியும்.

பழுதடையும்போது வேறுபாடு இன்னும் தெளிவாகும். கோத்தவன் ஒலியைக் கேட்டே, "பின்பக்கப் பற்சக்கரத்தில் மணல் புகுந்திருக்கிறது" என்பான். பத்து நிமிடத்தில் கழற்றித் துடைத்துப் பூட்டுவான். மற்றவன் தந்தையின் முகத்தைப் பார்ப்பான். தந்தை கடையின் முகவரியைத் தேடுவார். ஆயத்தக் காரையும் கழற்றிப் பூட்ட முடியும். நல்ல நிறுவனங்கள் அதற்கு உதிரி உறுப்புகளும் படங்களும் தருகின்றன. முடியும் என்பது வேறு, செய்வார்கள் என்பது வேறு. முதல் நாளே அவிழ்த்துப் பழகாத கை, உடைந்த நாளில் அவிழ்க்கத் துணிவதில்லை.

கோத்துச் செய்யும் பெட்டிகள் அடியோடு மறையவில்லை. தாமியா நிறுவனம் தன் பழைய கார்களை மீண்டும் வார்க்கத் தொடங்கியது: ஹார்னெட் 2004-இல், கிராஸ்ஹாப்பர் 2005-இல், சாண்ட் ஸ்கார்ச்சர் 2010-இல். வாங்கியோரில் பலர் சிறுவயதில் அவற்றைக் கோத்தவர்கள்; இப்போது தம் பிள்ளைகளை அருகில் அமர்த்திக் கோக்கின்றனர். இதனால் விளைந்த இன்னொரு நன்மை, நாற்பதாண்டுப் பழமையுள்ள கார்களுக்கும் இன்று உதிரி உறுப்புகள் கிடைக்கின்றன என்பது.

தொடங்க விரும்புவோர்க்கு

இருசக்கரங்களால் இயங்கும் எளிய மண்தரைக் கார் ஒன்றே முதற்பெட்டியாக இருக்கட்டும். நாற்சக்கர இயக்கத்தில் உறுப்புகள் மிகுதி. அது இரண்டாம் பெட்டிக்குரியது. பெட்டியின் விலையோடு கணக்கு முடிந்துவிடாது என்பதைக் குடும்பத் தலைவர்கள் முன்கூட்டியே அறிந்திருத்தல் நலம். கைக்கருவி, சர்வோ, பாட்டரி, மின்னேற்றி, வண்ணம் ஆகியவற்றைப் பெரும்பாலும் தனியே வாங்க வேண்டும். கையேட்டின் முதற்பக்கத்தில் தேவையானவை குறிக்கப்பட்டிருக்கும். கடையிலேயே அதனை வாசித்துக் கூட்டிப் பாருங்கள். பெட்டியோடு வரும் பிளாஸ்டிக் வளையங்களுக்குப் பதிலாகக் குண்டுப் பேரிங்குகளை வாங்கி இடுவது ஒன்றே தொடக்கத்தில் செய்யத்தக்க மேற்செலவு. மற்ற அலங்கார உறுப்புகள் காத்திருக்கலாம்.

திருப்புளியைப் பற்றி ஒரு சொல். ஜப்பானியத் திருகாணிகளின் சிலுவை வெட்டு மற்ற நாட்டுத் திருகாணிகளின் வெட்டிலிருந்து சற்று மாறுபட்டது. வீட்டிலுள்ள சாதாரணத் திருப்புளி அதில் சரியாக அமராமல் நழுவித் தலையைத் தேய்த்துவிடும். ஜே.ஐ.எஸ். எனக் குறித்த திருப்புளி ஒன்றை வாங்கிவிட்டால் அது ஆயுள் முழுதும் உழைக்கும். மேசைமேல் வெள்ளைத்துணி ஒன்றை விரித்துக்கொள்ளுங்கள். ஓரங்களைச் சற்று மடித்து உயர்த்திவிட்டால் உருளும் குண்டுகள் தரைக்குப் போகா. தண்டுகளைப் பிடித்து நிறுத்தும் சிறு எஃகுக் கவ்விகள் மட்டும் எதற்கும் அடங்காதவை. அவை துள்ளிப் பறந்து அலமாரிக்கடியில் ஒளிவதில் வல்லவை. உபரியாகச் சில வாங்கி வைப்பதே அறிவுடைமை.

பாட்டரி குறித்து எச்சரிக்கை தேவை. முற்காலத்து நிக்கல் காட்மியம் பாட்டரியில் காட்மியம் நச்சுப்பொருள். இப்போது அதனிடத்தில் நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு வந்துவிட்டது. ஆறு கலங்கள் சேர்ந்து 7.2 வோல்ட் தரும் அந்தப் பாட்டரியே பிள்ளைகளுக்குப் பொருத்தமானது. லித்தியம் பாலிமர் பாட்டரி எடை குறைந்தது, ஆற்றல் மிக்கது. ஆனால் அளவுக்கு மீறி மின்னேற்றினாலோ, குத்துப்பட்டாலோ, வீங்கியதைப் பயன்படுத்தினாலோ தீப்பற்றும். அதற்கென்றே செய்த மின்னேற்றியில், தீப்பிடிக்காத பையில் வைத்து, பெரியவர் ஒருவர் அருகிலிருக்கும்போது மட்டுமே அதற்கு மின்னேற்ற வேண்டும். இரவில் மின்னேற்றியில் மாட்டிவிட்டு உறங்கப் போவது கூடவே கூடாது.

ஓட்டும் இடம் தெருவாக இருத்தலாகாது. வாகன ஓட்டிகளின் கண்ணுக்கு இது தெரியாது. இதன் பின்னே ஓடும் குழந்தையும் தெரியாது. மைதானம், அறுவடை முடிந்து காய்ந்த வயல், ஆளில்லாத மணற்பரப்பு ஆகியவை உகந்தவை. கடற்கரை மணல் கண்ணுக்கு இனியதாயினும் உப்பு பேரிங்குகளை அரித்துவிடும்.

முதல் ஓட்டத்தை முழுப் பாட்டரியும் தீரும்வரை நீட்டிக்க வேண்டாம். ஐந்து நிமிடம் ஓட்டிவிட்டுக் காரைத் திரும்ப வரவழைத்து, பாட்டரியின் இணைப்பைக் கழற்றிவிட்டு, மோட்டாரைத் தொட்டுப் பாருங்கள். விரல் வைக்க முடியாத சூடு இருந்தால் பற்சக்கரங்கள் இறுகியுள்ளன என்று பொருள். நான்கு சக்கரங்களின் மரைகளையும் ஒருமுறை முடுக்குங்கள். முதல் ஓட்டத்தில் அவற்றுள் ஒன்றாவது தளர்ந்திருப்பது வழக்கம். மண்ணைப் பழைய பல்துலக்கும் தூரிகையால் துடைத்துவிட்டு, மோட்டார் ஆறிய பின்னர் மீண்டும் பாட்டரியை இணைக்கலாம்.